செம்மரம் என்று நான் சொன்னது

அம்மாவுக்கு ஒரு கதவு தேவைப்பட்டது. உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு. எங்கள் வீட்டு வாசலில் வனத்துறை ஜீப் வந்து நின்றதற்கு அதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம் நான்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவின் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸை விட்டு, சேக்காட்டில் சொந்த வீடு கட்டி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. அம்மா தினமும் மின்சார ரயிலில் அம்பத்தூர் போவாள். அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண் காணாத தேசத்து டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்புவதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வாள். நான் நாலேகாலுக்குப் பள்ளி வேனிலிருந்து இறங்கி, கழுத்துக் கயிற்றில் தொங்கும் சாவியால் வீட்டைத் திறந்து, அம்மா வரும் ஏழு மணி வரை தனியாக இருப்பேன். எனக்கு அது ராஜாங்கம். அம்மாவுக்கு அந்த மூன்று மணி நேரமும் வயிற்றில் நெருப்பு.

ஆகவே, சிலர் இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அலுவலகத்தில் சொன்னபோது அம்மா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். நோயாளிகளின் ரகசியம் வெளியே கசியக்கூடாது என்பதால் அவர்கள் போட்ட நிபந்தனைகள் கடுமையாக இருந்தன. தனி அறை வேண்டும். அதற்குப் பூட்டு வேண்டும். காகிதங்கள் வைக்கும் இழுப்பறைகளுக்கும் பூட்டு வேண்டும். கம்ப்யூட்டர் திரை ஜன்னல் வழியாக யார் கண்ணிலும் படக்கூடாது. இத்தனையையும் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

எங்களிடம் மிச்சமிருந்த ஒரே இடம் மாடிப்படிக்கு அடியிலிருந்த அறைதான். அரிசி மூட்டையும் அப்பாவின் பழைய சைக்கிளும் டிவி வந்த அட்டைப்பெட்டியும் அங்கே குடியிருந்தன. ஒரு பக்கம் கூரை சரிந்து இறங்கும். கடையில் விற்கும் மேசை எதைக் கொண்டுவந்தாலும் ஏதாவது ஒரு மூலை இடிக்கும். அளந்துதான் செய்ய வேண்டும் என்று முடிவானது.

மரம் என்று வந்ததும் மாமா தலையிட்டார். அம்மாவின் தம்பி. எந்தப் பொருளைச் சொன்னாலும் அதை விற்கிற ஒருவரை அவருக்குத் தெரிந்திருக்கும். பிளைவுட் போதும் என்று அம்மா சொன்னதை அவர் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். செங்குன்றம் பக்கத்தில் ஒரு கிடங்கு இருக்கிறதாம். யாரோ ஒருவரின் பங்களாவுக்காகக் கப்பலில் வந்த ஆப்பிரிக்க மரம் அங்கே கொஞ்சம் மீந்து கிடக்கிறதாம். கிடங்குக்காரர் மாமாவின் பேச்சைத் தட்டவே மாட்டாராம். மூன்றாம் நாள் ஒரு குட்டி யானை வண்டியில் பலகைகள் வந்து இறங்கின.

மரத்தில் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததே இல்லை. வெட்டுமுகத்தில் குங்குமச் சிவப்பு. வெயில் பட்ட இடத்தில் அது ஆரஞ்சாக எரிந்தது. "படாக்குன்னு பேரு. தெரியாதவன் பாத்தா செம்மரம்னே நெனப்பான்!" என்றார் மாமா. அந்த வாக்கியத்திலிருந்து 'தெரியாதவன்', 'நெனப்பான்' என்ற இரண்டு சொற்களையும் நான் அன்றைக்கே தொலைத்துவிட்டேன்.

அந்த நாட்களில் டிவியில் செய்தி போட்டால் வாரத்துக்கு ஒரு தடவையாவது செம்மரம் வரும். கட்டைகளை வரிசையாக அடுக்கி, பின்னால் நாலைந்து பேரைத் தலைகுனிய உட்காரவைத்திருப்பார்கள். பிடிபட்ட கட்டைகளின் மதிப்பு இத்தனை கோடி என்று படிப்பார்கள். அந்தக் கோடியில் ஒரு பங்கு எங்கள் வீட்டு முன்பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது என்ற நினைப்பில் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

வேலைக்கு வந்தவர் பூந்தமல்லிக்காரர். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். காலை எட்டரைக்கு மொபெட்டில் முன்னால் மரப்பெட்டியும் பின்னால் மெஷின்கள் கட்டிய சாக்குமாக வந்து இறங்குவார். எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிட்டோம். அவருக்கென்று ஒரு பெயர் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, மூக்கை மறைத்துக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, கார் நிறுத்தக் கட்டி கார் வாங்காமல் விட்டிருந்த முன்பக்கத்தில் வேலை செய்வார். பேச்சு குறைவு. பேசினால் அது மரத்தைத் திட்டுவதாக இருக்கும்.

"இன்னா மரம்மா இது, கல்லு மாரி கீது. ரெண்டு பிளேடு பூட்ச்சு" என்பார். அம்மா காபி டம்ளரை நீட்டியபடி, "திங்கக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்ல பாய்?" என்று மட்டும் கேட்பாள். தினமும் அதே கேள்வி. அவரும் தினமும் அதே மாதிரி மேலே கையைக் காட்டுவார்.

மரத்தூள் எங்கள் வீட்டையே சிவப்பாக்கியது. பாயின் புருவம், பனியன், கொடியில் காயும் எங்கள் துணி, தண்ணீர்க் குடத்தின் மூடி, எல்லாவற்றிலும் அது படிந்தது. அறைக்குள் மேசை உருவாகிக்கொண்டிருந்தது. சரிந்த கூரைக்கு ஏற்றபடி ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் அலமாரிகள் இறங்கிவர, அவற்றின் கீழே மூன்று இழுப்பறைகள். அம்மா சாயங்காலம் ரயிலிலிருந்து வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் போய், அந்தப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள்.

ஒருநாள் மாலை, அறுத்துத் தள்ளிய துண்டுகளிலிருந்து தீப்பெட்டி அளவு ஒன்றைப் பாயிடம் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கூர்முனை குத்தும் என்று நாலு மூலையையும் உப்புத்தாளில் தேய்த்து மழுக்கி, ஒரு தடவை ஊதிவிட்டுக் கொடுத்தார். அதன் ஒரு பக்கத்தில் என் ஊதா நிற ஜெல் பேனாவால் ஒரு நட்சத்திரம் வரைந்தேன். என் புத்தகம், நோட்டு, பென்சில் டப்பா எல்லாவற்றிலும் நான் அந்த நட்சத்திரத்தைத்தான் வரைந்து வைத்திருந்தேன்.

வேனில் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்காருபவள் நெமிலிச்சேரியிலிருந்து வருவாள். அவள் அப்பா துபாயில் இருந்தார். ஆகவே அவளிடம் எல்லாம் இருந்தது. ஸ்ட்ராபெரி வாசனை வரும் ரப்பர்கூட இருந்தது. அவளிடம் இல்லாத ஒரு பொருள் வாழ்க்கையில் முதல்முறையாக என் கைக்கு வந்திருந்தது.

"இது செம்மரம். எங்க வீட்ல டேபிளே இதுலதான் செய்றாங்க. இந்தத் துண்டு மட்டுமே லட்ச ரூபா" என்றேன்.

லட்ச ரூபாய்த் துண்டை ஒரு ரப்பருக்கு மாற்றிக்கொண்டோம். இந்த வியாபாரத்தில் ஏதோ இடிக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

அது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலையில் ஜீப் வந்தது.

அப்பா காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தார். தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வாயிலில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கும் அம்மாவுக்கும் விடுமுறை. மேசையும் இழுப்பறைகளும் முடிந்துவிட்டன. மேல் அலமாரிக்குக் கதவுகளும் அறைக்கதவுக்குப் பூட்டும் பாக்கி. பாய் மெஷினை நிறுத்திய ஒரு நிமிடத்தில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. காக்கி உடையில் ஓர் அதிகாரி, அவர் பின்னால் இளவயது வனக்காவலர் ஒருவர், கூடவே உள்ளூர் போலீஸ்காரர் ஒருவர். போலீஸ்காரர் உள்ளே வராமல் கேட் ஓரமாக நின்றுகொண்டார். அது போதுமானதாக இருந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் துணியை மறந்துவிட்டார்கள்.

"ஃபாரஸ்ட்லேர்ந்து வரோம்மா. இங்க மர வேல நடக்குதுன்னு தகவல். பாக்கணும்" என்றார் அதிகாரி. குரலில் அதட்டல் இல்லை.

"பாருங்க சார். என் தம்பி வாங்கிக் குடுத்தது. ஆப்பிரிக்கா மரம்னு சொன்னான்" என்றாள் அம்மா.

"பில் இருக்கா?"

அம்மா மாமாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தாள். மாமா அன்றைக்கு வேப்பம்பட்டில் ஒரு கல்யாணத்தில், நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது எங்களுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. ஐந்தாவது தடவை போனைக் காதிலிருந்து எடுத்தபோது அம்மாவின் கன்னத்தில் வியர்வையும் சிவப்புத் தூளும் ஒட்டியிருந்தன.

அதிகாரி பாயின் பக்கம் திரும்பினார். "பேரு என்ன?"

"அப்துல் காதர் சார்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாய் அந்தப் பெயரைச் சொன்ன விதத்தில், அதை யாரிடமிருந்தோ வாங்கிக் கொடுக்கிற மாதிரி ஒரு தயக்கம் இருந்தது. ஆதார் அட்டையைக் கேட்டார்கள். ஜன்னல் கம்பியில் தொங்கிய சட்டையின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"சார், ஒரு பக்கெட்ல தண்ணி புட்சி இதுல ஒரு துண்ட போட்டுப் பாருங்க. செம்மரம்னா குண்டு மாரி உள்ள போவும். இது மெதக்கும்" என்றார் பாய்.

"செம்மரம் முழுகும்னு உனக்கு எப்படித் தெரியும்? அதுல வேல செஞ்சிருக்கியா?"

பாய் கையிலிருந்த தூளைப் பனியனில் துடைத்தார். பிறகு மெதுவாக, "மரவேல செய்றவனுக்கு இது தெரியாதா சார்" என்றார். அது பதிலாகவும் இல்லை, கேள்வியாகவும் இல்லை.

அம்மாவே குளியலறையிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். இளவயது வனக்காவலர் கையளவு துண்டு ஒன்றை எடுத்து வாளியில் போட்டார். அது ஒரு முறை உள்ளே அமிழ்ந்தது. நாங்கள் எல்லோரும் குனிந்தோம். பிறகு மேலே வந்து, பக்கவாட்டில் புரண்டு, மிதந்தது. தண்ணீரில் லேசாக ஆரஞ்சு நிறம் இறங்கியது. அம்மா சத்தமாக மூச்சு விட்டாள்.

அதிகாரி தலையை ஆட்டினார். "படாக் மாதிரிதான் தெரியுது. ஆனா நான் வந்தது அதுக்காக மட்டும் இல்ல." அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய பாலித்தீன் உறையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு மரத்துண்டு. மூலைகள் மழுங்கியிருந்தன. ஒரு பக்கத்தில் ஊதா நட்சத்திரம்.

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

"இது ஒரு மரக்கடைக்கு வந்திருக்கு. செம்மரம், இன்ன விலைன்னு சொல்லிக் காட்டிருக்காங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா இந்தத் தெருவச் சொல்றாங்க. மரம் எதுவா வேணா இருக்கட்டும். செம்மரம்னு சொல்லி சாம்பிள் குடுத்து யாரோ வாங்க ஆள் தேடறாங்க. அது யாருன்னு எனக்குத் தெரியணும்."

பாய் அந்த உறையை உற்றுப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. சிக்கல் தீர்ந்துவிட்டது என்றே நினைத்திருப்பார். "அட, இதுவா சார்! இது நான் பாப்பாவுக்கு வெளாடக் குட்த்தது சார். நான்தான் மூல தேச்சுக் குட்த்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. அவள் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி என் உயரத்துக்குக் குனிந்தார். நல்ல மனிதர்தான். அவர் மீசையில் ஒரு நரைமுடி தெரிந்தது. "பயப்படாம சொல்லும்மா. இவர் உனக்கு இதக் குடுத்தாரா?"

டிவியில் கட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் என் கண்முன் வந்தார்கள். வரிசையின் ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. எனக்குப் பின்னால் கூடத்து அலமாரியில் இருந்த பென்சில் டப்பாவில் ஸ்ட்ராபெரி ரப்பர் வாசனை அடித்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

"இல்ல. எனக்கு எதுவும் குடுக்கல" என்றேன்.

குரல் நடுங்கவே இல்லை. பள்ளியில் பாடம் ஒப்பிக்கும்போதுகூட நான் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

"பாப்பா..." என்றார் பாய். கோபித்துக்கொள்வார், கத்துவார் என்று நான் காத்திருந்தேன். அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து கழற்றி, இரண்டாக மடித்து, மறுபடியும் மடித்தார்.

அம்மா வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன். என்னவோ சொல்லப் போகிறாள் என்று எனக்கு உயிரே போனது. அவள் கண் ஒரு கணம் மாடிப்படி அறையின் பக்கம் போய் வந்தது. பிறகு, "பாய் ரொம்ப நல்ல மனுஷன் சார். எங்களுக்கு ரொம்ப வருஷமா பழக்கம்" என்றாள்.

எங்களுக்கு அவரைப் பன்னிரண்டு நாளாகத்தான் தெரியும்.

"இருக்கலாம்மா. ஆஃபீஸ்ல வந்து எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும். வீட்டுக்காரர் வந்ததும் பில்லோட அனுப்புங்க" என்றார் அதிகாரி. இரண்டு பலகைகளை ஜீப்பில் ஏற்றினார்கள். மாடிப்படி அறையைச் சாத்தி, கதவிலும் சுவரிலுமாக ஒரு காகிதத்தை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். பாய் பனியன் மேல் சட்டையைப் போட்டுக்கொண்டார். கை கழுவிக்கொள்ளலாமா என்று கேட்டார். தோட்டத்துக் குழாயில் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சிவப்பு முழுதாகப் போகவில்லை. பிறகு ஜீப்பின் பின்பக்கம் ஏறி, பலகைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர்வீட்டு மாடியில் இப்போது நாலு பேர் இருந்தார்கள்.

ஜீப் போன பிறகு, அறைக்கதவில் அவர்கள் ஒட்டியிருந்த காகிதத்தின் முன்னால் அம்மா கொஞ்ச நேரம் நின்றாள். பின்பு தொழிற்சாலை வாயிலுக்குப் போன் செய்து, அப்பாவுக்குச் சேதி சொல்லும்படி யாரிடமோ கெஞ்சினாள். என்னைத் திட்டவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்து, "சாப்பிடு" என்றாள். அம்மா எதையும் கவனிக்கவில்லை என்று எனக்கு உறுதியானது. சாப்பிட்டு முடித்ததும் அறைக்குள் போய், நோட்டு அட்டைகளிலும் பென்சில் டப்பாவிலும் இருந்த நட்சத்திரங்களை எச்சில் தொட்டுத் தேய்த்து அழித்தேன். ஜெல் மை லேசில் போகவில்லை. இரண்டு அட்டைகளைக் கிழித்தே போட்டேன்.

அப்பா இரண்டு மணிக்கு வந்து, வந்த வேகத்தில் கிளம்பிப் போனார். மாமா நாலு மணிக்குத் தவறிய அழைப்புகளைப் பார்த்துப் பதறி, கல்யாணச் சட்டையோடு செங்குன்றம் ஓடி, கிடங்குக்காரரை உலுக்கிக் கப்பல் சரக்கின் காகித நகலை வாங்கிக்கொண்டு வந்தார். பில் போடாமல் வாங்கியது அவருடைய சாமர்த்தியங்களில் ஒன்று என்பது அப்போதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. பொழுது சாயும் நேரத்தில் பாயை விட்டார்கள். அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அங்கிருந்தே பஸ் ஏறிப் போய்விட்டாராம். அவருடைய மொபெட் எங்கள் முன்பக்கத்திலேயே நின்றது.

சாப்பிடும்போது அப்பா சொன்னார். மத்தியானமே இன்னொரு ஜீப் பூந்தமல்லிக்குப் போய், பாய் வீட்டையும் பின்னாலிருந்த பட்டறையையும் சோதனை போட்டிருக்கிறது. ஒன்றும் கிடைக்கவில்லை. "மரம் சரியாப் போச்சு. அந்தத் துண்டு விஷயம்தான் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பாவம், அந்த ஆளு பாப்பாவுக்குத்தான் குடுத்தேன்னே சொல்லிட்டு இருந்தாரு. இவகிட்ட குடுக்கலயே. யாரு வெளிய விட்டிருப்பா?"

"தெரியலைங்க" என்றாள் அம்மா. என் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து காகிதத்தைக் கிழித்துவிட்டுப் போனார்கள். அப்பாவும் மாமாவும் சேர்ந்து, ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டே அறைக்கதவுக்குப் பூட்டை மாட்டினார்கள். பாய் மெருகு போடக் கழற்றி வைத்திருந்த கடைசி இழுப்பறையை மாமா தன் கையால் பொருத்தினார். அது பாதி உள்ளே போய் நின்றது. முழங்காலால் இடித்து உள்ளே தள்ளினார். மேல் அலமாரி கதவில்லாமலே இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்தாள். வயிற்று வலி என்று சொல்லி நான் வேனை விட்டிருந்தேன். வீடியோவில் வந்தவர் பூட்டைக் காட்டச் சொன்னார். சாவியை இரண்டு தடவை திருப்பச் சொன்னார். இழுப்பறைகளைப் பூட்டிக் காட்டச் சொன்னார். ஜன்னலைக் கேட்டார். நாலே நிமிடம். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த மரத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அம்மாவுக்கு வேலை உறுதியானது. அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் ஓடிப் போனேன். அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வேனில் பக்கத்து சீட்டுக்காரி என்னிடம் பேசவில்லை. திருநின்றவூரில் ஒரு மரக்கடையில் விலை விசாரிக்கப் போன அவள் தாத்தாவைக் கடைக்காரர் துருவித் துருவிக் கேட்டு, துண்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டாராம். தாத்தா எங்கள் தெருவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நழுவி வந்துவிட்டாராம். வீட்டில் அவளுக்கு அடி விழுந்திருக்கிறது. இறங்குவதற்கு முன் கையை மட்டும் நீட்டினாள். ரப்பரைக் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் பாய் வந்தார். வண்டியையும் பெட்டியையும் எடுத்துப்போக வந்திருந்தார். நான் சீருடையோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா காபி போடவா என்று கேட்டாள். தண்ணி போதும் என்றார். அவர் உளிகளைத் துணியில் சுற்றி ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கும் சத்தம் கேட்டது. மெஷினை எடுக்க மாடிப்படி அறைக்குள் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இத்த யாரு மாட்னது?"

"என் தம்பி."

மாமா முழங்காலால் இடித்திருந்த இழுப்பறையை பாய் வெளியே இழுத்தார். அது கீச்சிட்டது. மறுபடி பெட்டியைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, இழுப்பறை ஓடும் இரண்டு பக்கத் தண்டவாளங்களையும் கழற்றி மாட்டினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு ஒரு விரலால் தள்ளினார். அது சத்தமில்லாமல் உள்ளே போனது.

"மீதி வேலையையும் நீங்களே முடிச்சுக் குடுங்க பாய். எப்ப முடியுதோ அப்ப வாங்க. இப்ப ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள் அம்மா.

"வேணாம்மா. வேற ஆள வெச்சி முட்ச்சிக்கங்க." அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "எங்க தெருவுல ஜீப்பு வந்து நின்னுச்சும்மா. பட்டறையில கீற அத்தினி கட்டையையும் வாரி ரோட்ல போட்டுப் பாத்தாங்க. எம் பொண்ணுக்கும் உங்க பாப்பா வயசுதான். ரெண்டு நாளா ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு குந்திகினு கீது."

அம்மா வாசல் வரை அவர் பின்னாலேயே போனாள். நானும் ஓசைப்படாமல் கூடத்து ஜன்னலுக்கு நகர்ந்தேன். பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய பிறகு அவர் பேசினார்.

"பாப்பா மேல ஒண்ணும் இல்லம்மா. சின்னப் புள்ள, பயந்துட்ச்சு. எம் பொண்ணா இருந்தாலும் அதான் சொல்லும்." முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "நீங்க பெரியவங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும் வரை அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கோ நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. பாய் என் மேல் கோபமாக இல்லை. அதை அவர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் அது பெரியவர்களுக்குள் நடக்கிற ஏதோ பேச்சு. நான் சமையலறைக்கு ஓடினேன். அம்மா அதற்குள் அங்கே வந்து, பாய் தண்ணீர் குடித்த டம்ளரைக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பாய்க்கு என் மேல கோவமே இல்லம்மா. என் காதாலயே கேட்டேன்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. இவ்வளவு நல்ல சேதியைச் சொன்ன பிறகும் அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கித் துடைத்து, மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு, விளையாடப் போனேன்.